மூக்கு மேலே, மீதி தண்ணீரில்

டெல்டாவில் ஸ்நார்க்கல் மாட்டிய ஜீப்புகள் இப்போது கண்ணில் படத் தொடங்கிவிட்டன. இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்தான் ஸ்நார்க்கல். பாதிப் பேர் அழகுக்காக மாட்டியிருக்கிறார்கள். அவரவர் பணம், அவரவர் ஆசை. எனக்கு அது தொழிலுக்குத் தேவைப்பட்டது. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின்களை வாடகைக்கு விடுவதும் பழுதுபார்ப்பதும் என் பிழைப்பு. வடகிழக்குப் பருவமழை நாலைந்து நாள் விடாமல் பிடித்தால் சம்பா பயிர் மூழ்கும். இளம்பயிர் அதிக நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும் என்பதால், மழை விட்ட மறுநாளே "இன்ஜின் வருமா?" என்று போன் அடிக்க ஆரம்பித்துவிடும். இன்ஜின் இருக்கிறது, குழாய் இருக்கிறது, டீசல் இருக்கிறது. வயலுக்குப் போகும் சாலைதான் வயலோடு சேர்ந்து தண்ணீருக்குள் கிடக்கும்.

என் வண்டி 2020-க்கு முந்திய மஹிந்திரா தார் ஜீப், 2.5 லிட்டர் டீசல். தலைஞாயிறு பக்கம் அடப்பாற்றங்கரை ஊர்களுக்கும் முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காட்டை ஒட்டிய பகுதிகளுக்கும் மழைக்காலத்தில் போய்வர அதுதான் ஆதாரம். ஸ்நார்க்கலை மாட்டி வைத்துக்கொண்டு பல மழைக்காலம் ஓட்டிய பிறகு அதைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து, அதை விற்பவர்கள் சொல்வதிலிருந்து சற்று வேறுபட்டது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர்; ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 625 மில்லி. டீசல் இன்ஜினின் அமுக்க விகிதத்தை 18-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 37 மில்லிகூட இல்லை. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையால் இரண்டு மூன்று முறை ஊற்றினால் நிரம்பிவிடும். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை. இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலோ சுற்றிய வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு.

பக்கத்து ஊர் இறால் பண்ணைக்காரர் ஒருவரின் ஜீப் இப்படித் தண்ணீர் குடித்து நின்றபோது, பட்டறையில் இன்ஜினைப் பிரித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேஸ்திரி இரண்டு ராடுகளைத் துடைத்து மேசைமேல் வைத்தார். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு இரண்டின் அடிக்கண்ணையும் ஒரே குழாயில் கோத்து நிமிர்த்திப் பிடித்தார். மேல் கண்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்று ஒரு நூல் அளவு தாழ்ந்து, கொஞ்சம் ஒருக்களித்து நின்றது. "இந்த ஒரு நூலுக்குத்தான் அண்ணே முழு இன்ஜின் வேலை" என்றார். பண்ணைக்காரர் அந்த ராடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வண்டி ஆற்றிலெல்லாம் இறங்கவில்லை. ஊர்ச் சாலையில், எதிரே வந்த லாரி தள்ளிய அலை பானெட்டுக்குள் ஏறியதுதான் நடந்தது.

ஸ்நார்க்கல் தடுப்பது இந்த ஒரு சாவைத்தான். காற்று நுழையும் வாயை பானெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கூரை உயரத்தில் வைக்கிறது. அவ்வளவே அதன் வேலை. ஃபோர்ஸ் கூர்க்கா தொழிற்சாலையிலிருந்தே ஸ்நார்க்கலோடு வருகிறது. அப்படி வந்தும், தண்ணீரில் இறங்க நிறுவனம் அதற்குச் சொல்லும் ஆழம் 700 மி.மீ.தான். ஸ்நார்க்கல் இல்லாமல் வரும் புதிய தாருக்கு 650 மி.மீ. மூக்கு கூரைக்குப் போன பிறகும் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 50 மி.மீ. ஏன் என்று யோசித்தால் மீதி எல்லாம் விளங்கிவிடும்: கியர்பாக்ஸ், கிரவுன் (அச்சின் நடுவே சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி), கிளட்ச், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், மின்னணுப் பெட்டி, இவை எதுவும் கூரைக்கு ஏறவில்லை.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். வாங்கும்போது பார்க்க வேண்டியது பொருள். வெயிலைத் தாங்கும் பாலிஎத்திலீனில் ஒரே வார்ப்பாக வந்ததுதான் நம் ஊர் வெயிலுக்கு நிற்கும். இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்த மலிவு வகையில் ஒட்டிய கோடு முதலில் வாய் பிளக்கும். வீட்டுக் குழாய்க்கு வாங்கும் பிவிசியையும் முழங்கையையும் ஒட்டி மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் தண்ணீர் நுழைவதற்கு முன்பே வேறு தொல்லை உண்டு: குழாயின் உள்விட்டம் வண்டியின் மூலக் காற்றுக்குழாயைவிடக் குறைந்தால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு மூச்சு முட்டும், வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும்.

ஸ்நார்க்கலோடு வரும், துளை போடும் இடங்களைக் காட்டும் அச்சுத்தாளை மட்கார்டில் ஒட்டித்தான் துளைக்க வேண்டும். ஆனால் தாளை அப்படியே நம்பக் கூடாது. முதலில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் உள்தடுப்பைக் கழற்றி, துளை வரப்போகும் இடத்துக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒயர்க்கட்டு ஒன்று அதே இடத்தில் போனது. அதை விலக்கிக் கட்டிய பிறகே டிரில்லைக் கையில் எடுத்தோம். காகித டேப்பை அகலமாக ஒட்டி அதன்மேல் அச்சுத்தாளை ஒட்டினால் பெயின்ட் உதிராது. ஸ்நார்க்கலை ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்த்து, மேல்முனை முன்கண்ணாடித் தூணோடு சேர்கிறதா, கதவும் பானெட்டும் இடிக்காமல் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் சிறு துளை. பெரிய துளையை வட்ட ரம்பத்தால் அறுத்தபின், ஓரத்தை அரத்தால் ராவி, பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் பெயின்ட். எந்தப் பட்டறையிலும் அவசரப்படுத்துவது இந்தக் கட்டத்தைத்தான். உப்புக்காற்று அடிக்கும் வேதாரண்யம் பக்கத்தில் பச்சை இரும்பின் ஓரத்தை அப்படியே விட்டு ரப்பரை மாட்டினால், ரப்பருக்கு அடியில் துரு சத்தமில்லாமல் தின்றுகொண்டே போகும். தூணில் பிடிமானத்துக்குப் போடும் சின்னத் துளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே ஒழுகினால் தண்ணீர் உள்ளே கால்மிதிக்கு வந்து சேரும்.

துளை போட்டு மாட்டிவிட்டால் முடிந்தது என்று பலரும் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். உண்மையான வேலை ஏர் ஃபில்டர் பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளையோ ரப்பர் வால்வோ வைத்திருப்பார்கள். சாதாரண வண்டிக்கு அது நல்லது. ஸ்நார்க்கல் மாட்டிய வண்டியில் அது திறந்திருந்தால் மேலே எவ்வளவு உயரத்துக்குக் குழாய் போட்டாலும் பயனில்லை. அடித்துளை தண்ணீருக்குள் போனதும் இன்ஜின் அங்கிருந்தே உறிஞ்சும். அதை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால், மேலிருந்து இறங்கும் மழைநீர் பெட்டிக்குள் தங்கும். ஆகவே ஸ்நார்க்கலின் தலைப்பகுதியிலேயே நீர் பிரிந்து வெளியேறும் கீற்றுகள் உள்ள வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், மழைக்காலத்தில் பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு ஹோஸ் இணைப்புக்கும் சிலிக்கான் தடவி, துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் போட வேண்டும். சிலிக்கான் வெளியே பிதுங்கினால் அசிங்கம், அவ்வளவுதான். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் உள்ளே பிதுங்கினால் அந்தத் துணுக்கு டர்போவுக்குப் போகும்.

காற்றுக் கசிவைப் பார்க்க ஒரு வழக்கமான சோதனை உண்டு. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்க்கல் வாயை ரப்பர் விரித்த பலகையால் முழுக்க மூட வேண்டும். இணைப்புகள் சரியென்றால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடினால் எங்கிருந்தோ மூச்சு வாங்குகிறது என்று பொருள். எங்கிருந்து என்று அது சொல்லாது. அதற்கு எங்கள் பட்டறைத் தம்பி கண்டுபிடித்த வழி சாம்பிராணி. ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றி இரு முனையையும் அடைத்துவிட்டு, ஸ்நார்க்கல் வாய் வழியாகச் சாம்பிராணிப் புகையைச் சின்ன ஊதியால் மெல்ல உள்ளே தள்ளினார். மட்கார்டுக்குள் விளக்கடித்தபடி காத்திருந்தோம். பெட்டியின் மூடி சேரும் மூலையில் நூல்போல் ஒரு வெண்புகை எழுந்தது. மூடியின் ரப்பர் அந்த இடத்தில் தட்டையாகிக் கிடந்தது. பட்டறை முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை. ரப்பரை மாற்றிய பிறகு பலகையை வைத்ததும் இன்ஜின் உடனே அணைந்தது.

இதற்குச் செலவாகும் அக்கறையில் பாதியாவது பிரீதர்களுக்குப் போக வேண்டும். கிரவுன், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிடச் சின்ன வால்வு இருக்கிறது. பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய கிரவுன் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கினால் உறிஞ்சும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும், அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். என் வண்டியின் டயர் அளவுக்குச் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 35 செ.மீ. முழங்கால் அளவுத் தண்ணீர் வந்தாலே அச்சு முழுகிவிடுகிறது என்று அர்த்தம். ஆகவே ஸ்நார்க்கல் இல்லாதவர்களுக்கும் சொல்வேன்: பிரீதர்களுக்கு ஆயில் தாங்கும் ரப்பர் டியூப் போட்டு, பானெட்டுக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், முனையில் சின்ன ஃபில்டர் மாட்டிவிடுங்கள். அச்சு ஏறி இறங்கும்போது இழுபடாத அளவுக்கு டியூபில் தளர்வு இருக்கட்டும். ஸ்நார்க்கலோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. வெளியே தெரியாது, யாரும் பாராட்டமாட்டார்கள் என்பதால்தானோ என்னவோ, பலர் இதைச் செய்வதில்லை.

தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க எளிய வழி: தண்ணீரில் ஓடிய வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் அசைக்காமல் கிரவுனின் அடி பிளக்கை மிக மெதுவாகத் தளர்த்த வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் இறங்கி நிற்கும். உள்ளங்கையை நீட்டினால் முதலில் விழும் சொட்டுகள் தெளிந்த தண்ணீராக ஓடும், பிறகு எண்ணெய் வரும். வண்டியை ஓட்டிவிட்டால் இரண்டும் அடித்துக் கலந்து சாம்பல் வெள்ளையாகிவிடும். அப்படி வெளுத்த எண்ணெயை உடனே மாற்றவேண்டும். பேரிங்குக்கு அது எண்ணெய் இல்லை.

இனி, எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி. மலையில் ஓடையைக் கடக்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு டெல்டாவில் இறங்கக் கூடாது. மலையோடையில் அடியில் கல் இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், அக்கரை கண்ணுக்குத் தெரியும். இங்கே அடியில் களி, தண்ணீர் செம்பழுப்பு, சாலைக்கு இரு பக்கமும் வாய்க்கால். சாலையில் ஒன்றரை அடித் தண்ணீர் என்றால் அதை ஒட்டிய வாய்க்காலில் ஆள் மூழ்கும் ஆழம். பிரச்சினை ஆழத்தில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. காட்டாமணக்குப் புதர் வரிசையும் மின்கம்பங்களும்தான் சாலை எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளம். அவை இல்லாத இடத்தில் ஒருவர் மூங்கில் கழியால் ஊன்றிப் பார்த்து முன்னே நடக்காமல் நான் வண்டியை நகர்த்துவதில்லை. கழியில் 60 செ.மீ. உயரத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். டேப் நனைந்தால் அதற்கு மேல் பேச்சில்லை, திரும்பிவிட வேண்டும்.

மதகு இருக்கும் இடம் இன்னும் மோசம். வயல் தண்ணீர் முழுக்க அந்த ஒரு வாய் வழியாக வடிகாலுக்கு இழுபடும். மேலே பார்த்தால் அசையாத குளம், அடியில் இழுப்பு. சாலை அரிபடத் தொடங்குவதும் அங்கேதான். ஓடுகிற தண்ணீருக்குத் தனிக்கணக்கு: அரை மீட்டர் ஆழத்துக்கு வேகமாக ஓடினால் ஜீப்பையே மிதக்கவைத்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். வண்டிக்குள் தண்ணீர் புகாமல் கெட்டியாக அடைத்துவைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் மிதக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் படுகை ஊர்களுக்குப் படகுதான் போகவேண்டும். ஸ்நார்க்கல் வைத்திருக்கிறேன் என்று அங்கே போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆழம் பார்த்து இறங்கிய பிறகு, நான்கு சக்கர இழுவையில், லோ கியரில், நடக்கும் வேகத்தில், நிறுத்தாமல் கியர் மாற்றாமல் போக வேண்டும். வண்டிக்கு முன்னால் சின்ன அலை ஒன்று எழும்பும். அதைத் துரத்தாமல் அதன் பின்னாலேயே போனால் பானெட்டுக்குள் தண்ணீர் மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இறங்குவதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் நிறுத்தி அச்சின் சூட்டைத் தணிய விடுவது என் வழக்கம்; அந்த நேரத்தில் ரேடியேட்டர் முன்னால் ஒரு தார்ப்பாயையும் கட்டிவிடுவேன். மேலேறியதும் முதல் வேலை பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைப்பது. அடுத்தது தார்ப்பாயை அவிழ்ப்பது. வெங்காயத்தாமரையும் வைக்கோலும் ரேடியேட்டரில் அப்பிக்கொள்ளும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். குனிந்து அரிவாளால் அறுத்து எடுக்கவேண்டும். முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம் உப்புத்தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுக்கக் கழுவியாக வேண்டும். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் கை பிரேக் பிடித்துக்கொள்வதிலிருந்து ஆரம்பிக்கும்.

புயலுக்கு ஸ்நார்க்கல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதிச் சாலைகளை மறித்தது தண்ணீர் இல்லை, தென்னையும் மின்கம்பமும். அன்றைக்கு வேலை செய்தவை ரம்பமும் இழுவைக் கயிறும்.

ஸ்நார்க்கல் எனக்கு அதிகம் உழைத்தது மழையில் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆஸ்திரேலியப் பாலைநிலங்களில் இதைப் புழுதிக்காகவே விரும்பி மாட்டுகிறார்கள். டெல்டாவில் குறுவை அறுவடையும், ஜனவரி தொடங்கிச் சம்பா, தாளடி அறுவடையும் நடக்கும்போது, அறுவடை இயந்திரமும் வைக்கோல் கட்டும் இயந்திரமும் எழுப்பும் தூசும் பதரும் சக்கர உயரத்தில்தான் அடர்ந்து பறக்கும். கூரை உயரத்துக் காற்று அதைவிடச் சுத்தம். மாட்டிய பிறகு ஃபில்டரைத் தட்டும்போது உதிரும் மண் கண்கூடாகக் குறைந்தது. அறுவடைக் காலத்தில் தலையைக் கழற்றிவிட்டு, டிராக்டரில் இருப்பதுபோன்ற சுழல் தூசுப்பிரிப்பானை மாட்டிவிடுகிறேன். கண்ணாடிக் கிண்ணத்தில் பதர் நிறைவது தெரியும். மழையில் வழக்கமான தலையை மாட்டி, கொட்டும்போது வாயைப் பின்பக்கம் திருப்பிவிடுவேன். முன்னால் நீட்டினால் காற்று பீய்ச்சி உள்ளே போய் மைலேஜ் கூடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம் சாலையில் நாம் ஓட்டும் வேகத்துக்கு அது கதை.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. டர்போவின் விசில் காதருகே கேட்டுக்கொண்டே இருக்கும். மண்சாலையில் சீமைக்கருவேலங் கிளையும் மூங்கிலும் முதலில் இடிப்பது அதன்மேல்தான். கொஞ்ச நாள் ஓட்டாமல் நிறுத்தினால் குளவி வாய்க்குள் மண்கூடு கட்டிவிடும், ஆகவே வலை போட்டிருக்கிறேன். பிறகு, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். டிராக்டரில் புகைக்குழாய் மேல்நோக்கி நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். "என்ன தம்பி, சைலன்சரை இங்கே தூக்கி வைத்துவிட்டீர்கள், புகை கண்ணாடியில் அடிக்காதா?" என்று கேட்காதவர் குறைவு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நிறுவனம் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஸ்நார்க்கல் பதிவுச் சான்றிதழில் உள்ள எதையும் மாற்றவில்லை என்று வாதாடலாம்தான். வாகனச் சோதனையில் நின்றுகொண்டு வாதாடுவது சுகமில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. இன்னும் வண்டியே வாங்காதவர், தண்ணீர்ப் பகுதியில்தான் ஓட்டப்போகிறேன் என்றால், தொழிற்சாலையிலிருந்தே ஸ்நார்க்கலோடு வருவதை வாங்கிவிடலாம். இந்தத் தலைவலி இல்லை. காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உண்டா என்று பாருங்கள். சாதாரணக் காப்பீட்டில் தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைந்தால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள்.

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றே போய்விட்டால் சாவியைத் தொடவே கூடாது. பாதி ராடுகள் வளைவது நின்ற பிறகு செல்ஃப் அடித்துப் பார்ப்பதால்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை நியூட்ரலில் போட்டு, டிராக்டரை வைத்து மேட்டுக்கு இழுக்க வேண்டும். ஃபில்டர் பெட்டியைத் திறந்து காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் கோளாறு வேறெங்கோ, பெரும்பாலும் மின்சாரத்தில். நனைந்திருந்தால் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளையோ டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையோ கழற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்றலாம். முதலில் கையால், பிறகு செல்ஃபில். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் அடுத்த ஸ்டார்ட் கிடையாது.